ஒரு லேப்டாப், ரெண்டு ஓஎஸ், எட்டு ஜிபி: ஒரு கரிசக்காட்டுக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குக் கோவில்பட்டியில இருந்து ஒரு போன். சித்தி மக. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. "அண்ணே, என் லேப்டாப்பு பத்தாதாம்ண்ணே. பதினாறு ஜிபி வேணுமாம்"னு ஆரம்பிக்கும்போதே குரல் கம்மிப் போயிருந்துச்சு.

விஷயம் இதுதான். காலேஜ்ல லினக்ஸ் லேப் இருக்கு. வீட்லயும் செஞ்சு பழகணும். அவகிட்ட இருக்கிறது எட்டு ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 லேப்டாப். யூடியூப் பார்த்து விர்ச்சுவல்பாக்ஸ் இறக்கி, அதுக்குள்ள உபுண்டு போட்டிருக்கா. உபுண்டு எழுந்திரிக்கவே ஏழெட்டு நிமிஷம் ஆகுது. எழுந்திரிச்ச பிறகும் மவுஸை இங்க அசைச்சா அது அங்க எப்போ அசையும்னு காத்திருக்கணும். கடையில கேட்டிருக்கா. "இதெல்லாம் தாங்காதும்மா, புதுசா வாங்கிடுங்க"ன்னு அறுபதாயிரத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க.

சித்தி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு தகவல்: எங்க பக்கம் தீப்பெட்டி ஃபேக்டரியை ஆபீஸ்னுதான் சொல்லுவோம். ஊருக்கு வெளியே ரெண்டு ஏக்கர் கரிசக்காடும் இருக்கு, மழை பெய்ஞ்சாதான் அதுல வருமானம். கழுத்துல கிடக்கிற ரெண்டு பவுன் செயினைத் திங்கக்கிழமை அடகு வைக்கிறதா வீட்ல முடிவாகிடுச்சு.

நான் சொன்னேன், "தாயி, ஒரு வாரம் பொறு. நான் ஊருக்கு வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் செயின் கழுத்துலயே கிடக்கட்டும்."

இந்த எபிசோட் அந்த ஒரு வாரத்துக் கதை. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டாவதா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டினா ரேம் ஏன் இடிக்குது, எங்க இடிக்குதுங்கிறதுதான் விஷயம். எனக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறைன்னா, இதே தப்பைப் பத்துப் பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி நான் வரிசையா மூணு தடவை பண்ணியிருக்கேன். முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

கையிலேயே இருந்த லினக்ஸ்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்குத் தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. நான் அப்போ ப்ளஸ் டூ. எங்க வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். எங்க தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர்னு நினைக்கிறேன். ரெண்டு ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

இப்போ நிறைய பேர் மறந்துபோன ஒரு விஷயம் இருக்கு. எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்புல ரெண்டு ஓஎஸ் இருந்துச்சு. ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையா வச்சு உருவாக்கினது. ஆன் பண்ணினதும் எது வேணும்னு ஒரு பட்டியல் வரும், அம்புக்குறியை வச்சுத் தேர்ந்தெடுக்கணும். 'டூயல் பூட்'ங்கிற வார்த்தையே தெரியாம தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான பசங்க கையில ஒரு டூயல் பூட் மெஷின் இருந்துச்சு.

நான் என்ன பண்ணினேன்? ஒரே மாசத்துல பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழிச்சேன். எதுக்கு? படம் வச்சுக்க இடம் வேணும்ல. இது தப்பு நம்பர் ஒண்ணு.

காலேஜ் போனேன். 2013ல ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப், லினக்ஸ் வேணும். சீனியர் ஒருத்தர் பென் டிரைவ்ல விர்ச்சுவல்பாக்ஸும் உபுண்டுவும் போட்டுக் கொடுத்தாரு. ரெண்டு ஜிபி இருக்கு, ஓஎஸ் ரெண்டு இருக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு ஜிபின்னு சரிபாதியா கொடுத்துட்டேன். நியாயமாத்தானே தெரியுது? அது தப்பு நம்பர் ரெண்டு. ராத்திரி ஒரு மணிக்கு, மறுநாள் காட்ட வேண்டிய ரெக்கார்டை டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போது மொத்தமும் உறைஞ்சு நின்னுச்சு. ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாம எரியுது. இருபது நிமிஷம் பார்த்தேன். பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சேன். திரும்ப ஆன் பண்ணினா, உள்ள இருந்த உபுண்டு எழுந்திரிக்கவே இல்லை. அதுக்குள்ள இருந்த ஆறு வாரத்து புரோகிராம் எல்லாம் போச்சு.

குடத்துத் தண்ணியும் சீவலப்பேரித் தண்ணியும்

அன்னைக்கு ராத்திரி அந்த விளக்கு ஏன் விடாம எரிஞ்சுதுன்னு அப்போ எனக்குப் புரியல. இப்போ சொல்றேன்.

ரேம் பத்தாமப் போனா ஓஎஸ் உடனே கையை விரிச்சிடாது. இப்போதைக்கு வேண்டாத பக்கங்களை டிஸ்க்ல கொண்டுபோய் வச்சிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துட்டு வரும். லினக்ஸ்ல இதுக்கு ஸ்வாப்னு பேரு, விண்டோஸ்ல பேஜ் ஃபைல். கொஞ்சமா நடந்தா நமக்குத் தெரியவே தெரியாது. நிறைய நடந்தா கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறதை விட்டுட்டுப் பக்கங்களைச் சுமந்துக்கிட்டு அலையறதே வேலையா ஆகிடும்.

இந்த அலைச்சல் எவ்வளவு பெருசுன்னு கோவில்பட்டிக்காரனுக்குச் சொல்றது ஈசி. வீட்டுக் குடத்துல இருக்கிற தண்ணிதான் ரேம். டிஸ்க்குங்கிறது சீவலப்பேரி. அங்க தாமிரபரணியில எடுத்து, குழாய்ல எங்க ஊருக்கு வர்ற தண்ணி. ரேம்ல ஒண்ணைத் தேடி எடுக்க சுமாரா நூறு நானோசெகண்ட் ஆகும். பழைய சுழல்ற ஹார்ட் டிஸ்க்ல அதே வேலைக்குப் பத்து மில்லிசெகண்ட் பக்கம் ஆகும். அதாவது ஒரு லட்சம் மடங்கு. குடத்துல இருந்து ஒரு டம்ளர் மோந்து குடிக்க ஒரு செகண்ட்னு வச்சுக்கிட்டா, டிஸ்க்ல இருந்து வர்ற டம்ளருக்கு ஒரு லட்சம் செகண்ட் காத்திருக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கும் மேல, இருபத்தேழே முக்கால் மணி நேரம். ஒவ்வொரு டம்ளருக்கும்!

இப்போ எல்லார்கிட்டயும் எஸ்எஸ்டி இருக்கு, அது எவ்வளவோ தேவலை. நூறு மைக்ரோசெகண்ட்னு வச்சா, நம்ம கணக்குல ஆயிரம் செகண்ட், பதினேழு நிமிஷம் கிட்ட. தெருக்குழாய்ல வரிசையில நின்னு பிடிச்சுட்டு வர்ற நேரம். அதனாலதான் இப்போ உள்ள லேப்டாப் அடியோட உறையாம, சித்தி மகளோடது மாதிரி இழுத்துக்கிட்டுக் கிடக்குது.

சரி, சரிபாதி ஏன் நியாயமில்லை? ஒரு ஜிபியில விண்டோஸ் 7 தனியா உயிர் வாழும். ஆனா அது விர்ச்சுவல்பாக்ஸையும் சுமக்கணும், பிரௌசரையும் சுமக்கணும், ஆன்டிவைரஸையும் சுமக்கணும். உள்ள இருக்கிற உபுண்டுவுக்கும் அந்தக் காலத்து யூனிட்டி டெஸ்க்டாப்பை ஓட்ட ஒரு ஜிபி பத்தல. ரெண்டு பேருமே ஸ்வாப் பண்றாங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா, உள்ள இருக்கிற ஓஎஸ்ஸுக்கு வெளியே நடக்கிறது தெரியாது. வெளியே ஒருத்தன் ஏற்கெனவே அதே டிஸ்க்கைப் பிராண்டிக்கிட்டு இருக்கான்னும் தெரியாது. அது தன் பங்குக்குத் தனியா பிராண்டும். ரெண்டு குடும்பமும் ஒரே குழாயில ஒரே நேரத்துல குடத்தை வச்ச மாதிரி.

ரெக்கார்ட் போன கதையைச் சொன்னதும் என் ரூம்மேட் கேட்டான்: "ஏண்டா, உங்க ஊர் கவர்மென்ட் லேப்டாப்புலதான் லினக்ஸ் ஏற்கெனவே இருக்குமே?" [சிரிப்பு]

இருந்தும் இல்லாத ரெண்டு ஜிபி

மூணாவது தப்பு கொஞ்சம் சுவாரசியமானது. லீவுல ஊருக்கு வந்து, வீட்ல கெஞ்சி, ஆயிரத்துச் சொச்சத்துக்கு ரெண்டு ஜிபி ரேம் ஒண்ணு வாங்கி மாட்டினேன். ரெண்டும் ரெண்டும் நாலு. விண்டோஸைத் திறந்து பார்த்தா, "போட்டிருக்கிறது 4 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 2 ஜிபி"ன்னு வருது. ரேம் கெட்டுப்போனதுன்னு நினைச்சு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். அவரு பாவம், இன்னொண்ணு மாத்திக் கொடுத்தாரு. அதுலயும் அதேதான்.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு ரெண்டு ஜிபிதான் உச்ச வரம்பு. ஹார்டுவேர் வரம்பு இல்லை, அந்தப் பதிப்புக்குன்னு மைக்ரோசாஃப்ட் வச்ச வரம்பு. நெட்புக் மாதிரி சின்ன மெஷின்களுக்காக வந்த பதிப்பு அது. டெஸ்க்டாப் வால்பேப்பரைக் கூட மாத்த முடியாது. இதெல்லாம் முன்னாடியே வெளிப்படையா எழுதியிருந்த விஷயம்தான். வாங்குறதுக்கு முன்னாடி நான் பார்க்கல, அவ்வளவுதான்.

அந்த நாள்லதான் அதே மெஷின்ல திரும்ப ஒரு பார்ட்டிஷன் பிரிச்சு டெபியன் போட்டேன். அது நாலு ஜிபியையும் பார்த்துச்சு, கிராஃபிக்ஸுக்குப் போன பங்கு போக. அதே பெட்டி, அதே ரெண்டு ரேம். ஒரு ஓஎஸ் கண்ணுக்கு ரெண்டு ஜிபி, இன்னொரு ஓஎஸ் கண்ணுக்கு கிட்டத்தட்ட நாலு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது: 'என் மெஷின்ல எவ்வளவு ரேம் இருக்கு'ங்கிற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யாரைக் கேட்கிறோம்ங்கிறதைப் பொறுத்தது.

இதுல 32 பிட் வரம்பையும் சேர்த்துச் சொல்லிடுறேன், ஏன்னா பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுக்கிறவங்க இன்னும் மோதுற சுவர் அது. ரேம்ல ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட் ஓஎஸ் அந்தக் கதவு எண்ணை 32 இலக்கத்துல எழுதுது, ஒவ்வொரு இலக்கமும் பூஜ்யமோ ஒண்ணோ. அப்படி எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே சொச்சம். அதாவது சரியா நாலு ஜிபி. அதுக்கு மேல வீடு கட்டினாலும் கதவு எண் கிடையாது, தபால் போகாது. அந்த நாலு ஜிபிக்குள்ளயே கிராஃபிக்ஸ் மாதிரி சாதனங்களுக்கும் கொஞ்சம் எண்களை ஒதுக்கணும்கிறதால, 32 பிட் விண்டோஸ்ல நாலு ஜிபி போட்டாலும் மூணு, மூணே கால்னுதான் காட்டும். லினக்ஸ்ல பிஏஇ-ன்னு ஒரு வழி உண்டு, கதவு எண்ணை 36 இலக்கமா நீட்டி 64 ஜிபி வரைக்கும் போகும். நான் போட்ட டெபியன் கெர்னல் அந்த வகை. இப்போ எல்லாமே 64 பிட், அதனால இந்தச் சுவர் புது மெஷின்ல இல்லை.

ஊடுபயிர்

ஒரு வாரம் கழிச்சு கோவில்பட்டி போனேன். திண்ணையில லேப்டாப். பக்கத்துல சித்தி, உளுந்து புடைச்சுக்கிட்டு. எனக்கு உதாரணம் தேட வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு.

டூயல் பூட்னா என்ன? புரட்டாசி, ஐப்பசி மழைக்கு இந்த வருஷம் காட்டுல பருத்தி, அடுத்த வருஷம் சோளம். ஒரு நேரத்துல ஒரே பயிர், மொத்த ஈரமும் அதுக்கே. எட்டு ஜிபியில லினக்ஸை நேரடியா பூட் பண்ணினா எட்டும் லினக்ஸுக்குத்தான். விண்டோஸ் அப்போ டிஸ்க்ல தூங்குது, ஒரு எம்பி ரேம் கூடக் கேட்காது.

விர்ச்சுவல் மெஷின்னா ஊடுபயிர். பருத்திக்கு நடுவுல உளுந்து. ரெண்டும் ஒரே நேரத்துல நிக்குது, ரெண்டும் ஒரே ஈரத்தைத்தான் குடிக்குது. மானாவாரிக் காட்டுல மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்ச முடியாது, வானத்துல இருந்து வந்ததுதான் கணக்கு. "உளுந்தை நெருக்கி விதைச்சா என்னாகும் சித்தி?"ன்னு கேட்டேன். "என்னாகும், பருத்தி சுருங்கும். பருத்தி சுருங்கினா உளுந்து மட்டும் என்னத்துக்கு?"ன்னாங்க. விர்ச்சுவல் மெஷின்ல இதுதான் முதல் விதி. வெளியே இருக்கிற ஓஎஸ் மூச்சுத் திணறினா உள்ள இருக்கிறதும் திணறும், ஏன்னா உள்ள இருக்கிறதைத் தாங்குறதே வெளியே இருக்கிறதுதான். உள்ளே எவ்வளவு கொடுக்கிறோம்ங்கிறது ரெண்டாவது கேள்வி. வெளியே எவ்வளவு மிஞ்சுதுங்கிறதுதான் முதல் கேள்வி.

அப்போ டூயல் பூட்டே நல்லதுதானேன்னு கேட்பீங்க. ரேமை மட்டும் பார்த்தா ஆமா. ஆனா நோட்ஸ் விண்டோஸ்ல இருக்கும், புரோகிராம் லினக்ஸ்ல இருக்கும், ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் பண்ணணும். டிஸ்கைப் பிரிக்கிறதுல கை தவறினா மொத்தமும் போகும். விண்டோஸ் 11ல டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன்ல இருந்தா, பூட் அமைப்பை மாத்தினதும் ரெகவரி கீ கேட்கும். அதை முன்கூட்டியே எடுத்து வைக்காதவங்க கதி அதோகதி. ஒரே ஒரு மெஷின் இருக்கிற வீட்ல, பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்னாடி, நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

எட்டு எங்கே போச்சு?

டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள மெமரி. எட்டுல 7.7தான் கைக்கு வருது, மிச்சத்தை உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் பிடிச்சுக்கிட்டிருக்கு. இது வழக்கம்தான். ஆனா ஒரு புரோகிராமும் திறக்காமலே 4.9 ஜிபி போயிருந்துச்சு. ஆன் பண்ணினதுமே தானா எழுந்திரிக்கிறதுன்னு பதினோரு புரோகிராம். மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர் ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டா ஆன்டிவைரஸ். வேண்டாததை நிறுத்தி ரீஸ்டார்ட் பண்ணினோம், 3.4. ஒன்றரை ஜிபி சும்மா கிடைச்சுது.

அடுத்து விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங். உபுண்டுவுக்கு எவ்வளவு கொடுத்திருந்தான்னு நினைக்கிறீங்க? ஆறு ஜிபி!

"ஏன் தாயி ஆறு?"

"வீடியோவுல அந்த அண்ணன் ஆறுதானே கொடுத்தாரு."

அந்த அண்ணன் மெஷின்ல முப்பத்திரெண்டு ஜிபி. விர்ச்சுவல்பாக்ஸே அந்த இடத்துல பச்சை, சிவப்புன்னு கோடு போட்டுக் காட்டும். சிவப்புக்குள்ள போனா வெளியே இருக்கிற விண்டோஸுக்கு மூச்சு முட்டும்னு அர்த்தம். மெதுவா ஓடுதுன்னு இவ ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கா. கூட்டக் கூட்ட இன்னும் மெதுவாகியிருக்கு. பதினாறு ஜிபி வேணும்ங்கிற முடிவு அங்க இருந்துதான் வந்துச்சு.

எங்க கணக்கு இது. மொத்தம் 7.7. விண்டோஸுக்கு 3.4. நோட்ஸும் நாலஞ்சு டேப்பும் திறந்த பிரௌசருக்கு ஒன்றுல இருந்து ஒன்றரை. மிச்சம் மூணு ஜிபி பக்கம். ஆக உள்ள இருக்கிறவனுக்கு ரெண்டரை, மிஞ்சிப்போனா மூணு. அதுக்கு மேல அரை எம்பி கூடக் கிடையாது. இப்போ கேள்வி மாறிடுச்சு: மூணு ஜிபிக்குள்ள எந்த லினக்ஸ் நிம்மதியா ஓடும்?

உபுண்டுவோட முழு டெஸ்க்டாப்புக்கு அது இறுக்கம். ஆனா அவ லேப்ல செய்யுறது என்ன? சி புரோகிராம், ஷெல் ஸ்க்ரிப்ட், கொஞ்சம் பைத்தான். எல்லாமே கறுப்புத் திரையில நடக்கிற வேலை. டெஸ்க்டாப்பே தேவையில்லை. அது இல்லாத லினக்ஸ் சில நூறு எம்பியில நிம்மதியா உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு லுபுண்டு, சுபுண்டு மாதிரி எடை குறைஞ்ச வகைகள் இருக்கு.

நாங்க விர்ச்சுவல்பாக்ஸை விட்டுட்டு டபிள்யூஎஸ்எல் 2 போட்டோம். விண்டோஸுக்குள்ள லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட்டே கொடுக்கிற வழி. இதுவும் உள்ளுக்குள்ள ஒரு விர்ச்சுவல் மெஷின்தான், ஆனா கேட்கிறப்ப மட்டும் ரேம் எடுக்கும். இதுல ஒரு பொறி இருக்கு. நாம ஒண்ணும் சொல்லாம விட்டா மொத்த ரேம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கிற உரிமை அதுக்கு உண்டு. எட்டுல நாலு. என்னோட பழைய சரிபாதி திரும்ப வந்துடுச்சு பாருங்க!

எடுத்ததைச் சுலபமா திருப்பிக் கொடுக்கவும் கொடுக்காது. லினக்ஸோட சுபாவம் அப்படி. ஒரு தடவை படிச்ச ஃபைலை, திரும்ப வேணும்னா வசதியா இருக்கட்டும்னு, சும்மா கிடக்கிற ரேம்ல வச்சுக்கும். தனி மெஷின்ல அது ரொம்ப நல்ல பழக்கம். வாடகை வீட்ல? விண்டோஸ் பார்வையில இருந்து பார்த்தா வாங்கின கடனைத் திருப்பித் தராத ஆள். டாஸ்க் மேனேஜர்ல 'விஎம்மெம்'னு ஆரம்பிக்கிற பேர்ல ஒருத்தர் மூணு, நாலு ஜிபி பிடிச்சு உட்கார்ந்திருந்தா, அது இதுதான்.

அதுக்கு வரம்பு போடலாம். விண்டோஸ்ல உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள 'டாட் டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக்'னு ஒரு ஃபைல். இங்கிலீஷ்ல, சேர்த்து எழுதணும், முன்னாடி புள்ளி வரணும், பின்னாடி டிஎக்ஸ்டி ஒட்டக்கூடாது. முதல் வரியில சதுர அடைப்புக்குள்ள டபிள்யூஎஸ்எல்2. அடுத்த வரியில மெமரி, சமக்குறி, 3ஜிபி. அதுக்கு அடுத்த வரியில ஸ்வாப், சமக்குறி, 2ஜிபி. சேவ் பண்ணிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்ல டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கொடுத்துட்டுத் திரும்பத் திறந்தா, அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்காது.

உள்ள போய் 'ஃப்ரீ'ங்கிற கமாண்டை அடிச்சுக் காட்டினேன். அதுல 'ஃப்ரீ'ங்கிற கட்டத்துல நூத்துச் சொச்சம் எம்பிதான் இருக்கும், பார்த்ததும் எல்லாரும் பயப்படுவாங்க. பார்க்க வேண்டியது கடைசிக் கட்டம், 'அவைலபிள்'. ஃபைல்களை வச்சிருக்கிற ரேமை விட்டுக்கொடுத்தா எவ்வளவு தேறும்ங்கிற கணக்கு அதுல வரும். அவளோடதுல ரெண்டரை ஜிபி காட்டுச்சு.

அரை மணி நேரம் கழிச்சு, பெரிய டேட்டா ஃபைல் ஒண்ணை அப்படியே மொத்தமா ரேம்ல ஏத்துற பைத்தான் புரோகிராம் ஒண்ணை ஓட்டினா. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு 'கில்டு'ன்னு ஒத்தை வார்த்தையோட நின்னுச்சு. "யாருண்ணே கொன்னது?" லினக்ஸ் கெர்னல்தான். ரேமும் ஸ்வாப்பும் தீர்ந்துபோனா, மொத்த ஊரும் சாகாம இருக்க, அதிகமா தின்கிற ஒருத்தனைப் பார்த்து முடிச்சிடும். மூணு ஜிபின்னு நாம போட்ட வரம்போட விலை இது. ஃபைலைத் துண்டு துண்டா படிக்கிற மாதிரி புரோகிராமை மாத்தினா, ஓடுச்சு.

எல்லாமே ஓடிடுச்சுன்னு சொன்னா பொய். அவளுக்கு ஆண்ட்ராய்டு ஆப் செஞ்சு பார்க்கவும் ஆசை. ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் ஒரு ரெண்டாவது ஓஎஸ்தான், ஒரு முழு போனையே லேப்டாப்புக்குள்ள ஓட்டுது. எட்டு ஜிபியில ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடினது பார்க்கவே பாவமா இருந்துச்சு. சித்தியோட பழைய போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ல டீபக்கிங்கை ஆன் பண்ணி, ஆப்பை நேரா அதுலயே ஓட்டினோம். போன்ல அதுக்குன்னு தனி ரேம் இருக்கே, நம்ம எட்டுல கை வைக்காது.

கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்துல, கீழே சின்ன எழுத்துல: பயன்படுத்திய ஸ்லாட், ரெண்டுல ஒண்ணு. லேப்டாப்புக்குள்ள ரேம் மாட்ட ஒரு இடம் காலியா கிடக்கு! இன்னொரு எட்டு ஜிபி வாங்கி மாட்டினா பதினாறு. கடையில யாரும் அதைப் பார்த்ததாவே தெரியல. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப் எல்லாம் அந்தப் பக்கம் போறதால ரேம் விலை இப்போ ஏறிக் கிடக்கு, ஆனாலும் புது லேப்டாப் விலையில அது ஒரு பங்குதான். இந்தத் தடவை நான் முன்னாடியே பார்த்துட்டேன், விண்டோஸ் 11 ஹோம் 128 ஜிபி வரைக்கும் ஏத்துக்கும். எந்தத் தலைமுறை ரேம், டிடிஆர்4ஆ 5ஆன்னு ஒரு காகிதத்துல குறிச்சுக் கொடுத்துட்டு வந்தேன். வாங்கணும்னா மூணாம் வருஷம் பார்த்துக்கலாம். ஒண்ணு சொல்லணும், எல்லா லேப்டாப்லயும் இப்படி இடம் இருக்காது. நிறைய மெல்லிசு மாடல்ல ரேமை போர்டோட சேர்த்து ஒட்டிடுறாங்க.

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சு, அதுக்கு 2,000 கோடி ஒதுக்குச்சு. அந்த லேப்டாப்புக்கு டெண்டர்ல கேட்டதும் எட்டு ஜிபி ரேம்தான். அதனால இந்தக் கணக்கு சித்தி மகளோட முடியாதுன்னு தோணுச்சு, எபிசோடாவே போட்டுட்டேன்.

அன்னைக்கு மதியம் சாப்பாடு முடிஞ்சதும் சித்தி கேட்டாங்க, "அப்போ அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி பத்தாதுன்னு சொன்னது?"

"பத்தும் சித்தி. இவதான் உளுந்தை நெருக்கி விதைச்சுட்டா."

"அதை அன்னைக்கே போன்ல சொல்ல வேண்டியதுதானே? பஸ் காசு மிச்சம்" அப்படின்னுட்டு முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

உங்க டாஸ்க் மேனேஜர்ல ஒண்ணும் திறக்காம எவ்வளவு ஜிபி போகுதுன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதுல மோசமானதை எடுத்து வச்சுப் பேசுவோம்.